ஐசிங்கும் அஸ்காவும்

கேக்கின் மேல் வெள்ளையாகப் பூசுகிறார்களே, அதற்கு ஐசிங் என்று பெயர். அமெரிக்காவில் ஃப்ராஸ்டிங் என்பார்கள். ஐஸ் என்றால் பனிக்கட்டி. ஃப்ராஸ்ட் என்றால் உறைபனி. ஆனால் கேக்கில் இரண்டும் கிடையாது! பொடித்த சர்க்கரையை முட்டை வெள்ளைக்கருவில் அடித்துப் பூசினால், காய்ந்ததும் பனி மூடியதுபோல வெளுத்து இறுகும். அந்தச் சாயலே பேராகிவிட்டது. நம்ம கோவையில் உறைபனி ஏது? மார்கழி, தையில் ஊட்டிப் புல்வெளியில் பார்க்கலாம்.

எங்கம்மா ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவுகிறார். அந்த வார்த்தை தினமும் காதில் விழுந்தும், அங்கே யாரிடமும் அர்த்தம் கேட்கக் கூச்சம். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் என்னிடம் கேட்டார். சொன்னேன். “அட, நம்ம அஸ்காவைப் பொடிச்சுப் பூசறதுக்கா கண்ணு இப்படியொரு பேரு?” என்று சிரித்தார்.

அந்த அஸ்காவும் வெளியூர்ப் பேர்தான்! இப்போது ஒடிசாவில் உள்ள அஸ்கா என்ற ஊர், 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. பிரிட்டிஷ் காலத்திலேயே அங்கே சர்க்கரை ஆலை உண்டு. நம்மூரில் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை அல்லவா? அதனால் வெள்ளைச் சர்க்கரைக்கு அந்த ஊர்ப்பேரே நிலைத்துவிட்டது.

நண்பர்களே! டிப்ளமோ வகுப்பில் நம்மை மிரட்டுகிற இங்கிலீஷ் வார்த்தைகள் பலவும் இப்படித்தான். அவற்றின் பின்னால் யாரோ கண்ணால் கண்ட ஒரு பொருளோ, ஊரோ இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சம் எதற்கு?