காமினோ பாதையில் – 9: திறந்தே கிடக்கும் பெட்டி

சாந்தோ தொமிங்கோ தே லா கால்சாதாவிலிருந்து கிரான்யோன் கிராமத்துக்கு ஏழு கிலோமீட்டர்தான். இருபுறமும் அறுப்பு முடிந்த கோதுமை வயல்கள். வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆனாலும் அந்த வழியை நன்றியோடு நடந்தேன். காலையில் கடந்து வந்த ஊர், பாதை போடுவதையே ஊழியமாகச் செய்த ஒருவரின் ஊர்.

11ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ என்பவர் துறவியாக விரும்பினார். மடங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஓஹா ஆற்றங்கரைக் காட்டில் தங்கி, யாக்கோபு அப்போஸ்தலரின் கல்லறையைத் தேடிச் சாந்தியாகோவுக்கு நடப்பவர்களுக்காக மரம் வெட்டி வழி திறந்தார். ஆற்றுக்குப் பாலம் கட்டினார். களைத்து வந்தவர்களுக்குச் சத்திரம் வைத்தார். 1109இல் அவர் இறந்த பிறகு ஊருக்கே அவர் பெயர் நிலைத்தது. பிரான்ஸின் எல்லையோரம் தொடங்கி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் ஓடும் இந்தக் காமினோ பாதையில், இன்று நடக்கும் எங்களுக்கும் அவர் உழைப்பில் பங்கு இருக்கிறது.

கிரான்யோனில் எங்களுக்குத் தங்குமிடம் புனித யோவான் ஸ்நானகன் ஆலயம். கோபுரத்தை ஒட்டிய குறுகலான கற்படிகளில் ஏறினால் மேலே ஒரு கூடம். கட்டில் இல்லை; தரையில் விரிக்க மெல்லிய பாய்கள். கட்டணமும் இல்லை. ஒரு மரப்பெட்டி திறந்தே கிடக்கிறது. முடிந்தவர் போடலாம், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காவலுக்கு ஆள் இல்லை. ஆதித் திருச்சபையார் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்ததை அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

என் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அங்கே தன்னார்வமாகச் சேவை செய்யும் ஸ்பானியப் பெரியவர் அதைக் கண்டதும் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டார். வயதில் மூத்தவர் காலைத் தொடுகிறாரே என்று கூசி இழுத்தேன். அவர் விடவில்லை. கழுவித் துடைத்து மருந்திட்டுத் துணி சுற்றிய பிறகுதான் எழுந்தார். இயேசு தன் காலைக் கழுவ வந்தபோது பேதுரு ஏன் முதலில் மறுத்தான் என்பது எனக்கு அன்று விளங்கியது. கொடுப்பதைவிட வாங்கிக்கொள்ளத்தான் அதிகத் தாழ்மை வேண்டியிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்தே சமைத்தோம். கொரியச் சகோதரி வெங்காயம் நறுக்க, பிரேசில் தம்பதியர் பருப்பைக் கிளற, நான் ரொட்டி வெட்டினேன். நீள மேசையில் நெருக்கி உட்கார்ந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களில் நடக்கும் அசனம் என்ற பொது விருந்து போலவே இருந்தது. நீ எந்தச் சபை என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டு நிறைந்ததா என்றுதான் கேட்டார்கள்.

பாத்திரம் கழுவி முடித்ததும் ஆலயத்தின் பாடகர் மாடத்துக்குப் போனோம். விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கைமாற்றினார்கள். கைக்கு வரும்போது அவரவர் மொழியில் ஜெபிக்கலாம். ஒரு தாய் மறைந்த மகனுக்காக அழுதுகொண்டே ஜெபித்தார். விசுவாசம் இல்லை என்று சாப்பாட்டின்போது சொல்லியிருந்த டச்சு இளைஞன் சற்று நேரம் பேசாமல் வைத்திருந்து என்னிடம் நீட்டினான். நான் தமிழில் பரமண்டல ஜெபம் சொன்னேன். முடித்தபோது பல குரல்கள் சேர்ந்து ஆமென் என்றன.

வருத்தம், காயம், பசி, சந்தேகம் என்று ஏதோ ஒரு குறையோடுதான் எல்லோரும் அந்த மாடத்தில் இருந்தோம். அதை மறைக்காமல் வந்ததால்தான் ஒருவரை ஒருவர் தாங்க முடிந்தது. தேவையை வெளியே சொல்லத் துணியும் இடத்தில்தான் கிறிஸ்துவுக்குள்ளான ஐக்கியம் தொடங்குகிறது என்று நம்புகிறேன். நம் சபைகளும் அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்து பெலொராதோ. போகும் வழியில்தான் தொமிங்கோ பிறந்த விலோரியா கிராமம் இருக்கிறது.

(பயணம் தொடரும்)