தறி வீட்டில் பாரசீகப் பாடம்

காஞ்சி கயிலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் பிள்ளையார்பாளையத்துக்குள் சற்று நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். கூடவே பாரசீகமும்!

பட்டு நூலை நிறுக்கத் தராசு. புடவைக் கரைக்கு ஜரிகை. மடிசார் கட்ட ஒன்பது கஜம். விற்றால் ரசீது. நான்கு சொற்களுமே பாரசீகத்திலிருந்து வந்தவை. 'ஜர்' என்றால் அங்கே தங்கம். ஜரிகைக்குப் பொருத்தமான பெயர்தான்.

அந்த மொழியை இன்று மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிக்கொண்டும் படிக்க முடியும். கண்ணெதிரே கடைத்தெரு விரியும். ஏ.ஐ. கடைக்காரர் விலை சொல்வார்; நாம் பேரம் பேச வேண்டும். உச்சரிப்பு பிசகினால் அவரே திருத்துவார். தமிழருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. 'மன் அப்ரிஷம் மீகரம்' என்றால் 'நான் பட்டு வாங்குகிறேன்'. சொற்கள் நிற்கும் வரிசை தமிழில் இருப்பது போலவேதான். எழுத்துதான் வலமிருந்து இடம் போகும்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்க வேண்டிய செம்மொழிகளில் தமிழோடு பாரசீகத்தையும் சொல்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலோ பாரசீகத்துக்கு வெகுகாலமாகவே துறை இருக்கிறது.

பாடத்துக்கென்று ஒரு கடைத்தெருவைக் கணினியில் வரைவானேன்? பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு ஒன்றையே 360 டிகிரி கேமராவில் பிடித்துவிடலாம். தராசைத் தொட்டால் 'தராஸு', ஜரிகையைத் தொட்டால் 'ஜர்' என்று ஒலிக்கட்டும். தறிக்குழியில் காலை விட்டு உட்காரும் வேலையும் அப்படியே பதிவாகிவிடும்.

அதையும் சீக்கிரம் செய்தாக வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் கோர்வைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.