பால்புட்டியில் நஞ்சு

போதைக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகள் பசியாலும் பராமரிப்பின்மையாலும் மட்டுமே மடிகின்றனர் என எண்ணிவிடாதீர்கள். பெற்றோரை மீட்கத் தரப்படும் மருந்தே பிள்ளையின் உயிரைப் பறிப்பதும் உண்டு.

பிரிட்டனில் ஹெராயின் அடிமைகளுக்கு மெதடோன் என்னும் பச்சை நிறத் திரவம் வழங்கப்படுகின்றது. தொடக்கத்தில் அதனை மருந்துக்கடைக்காரரின் கண்ணெதிரே அன்றாடம் அருந்த வேண்டும். ஞாயிறன்று கடை அடைக்கப்பட்டிருந்தால் அன்றைய மருந்து வீட்டுக்கு வந்துவிடும். பழகிய உடல் அதனைத் தாங்கும். பழகாத சிறு உடல் தாங்காது. 10 மில்லிகிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி, ஒரு மழலையின் மூச்சை நிறுத்தப் போதுமானது. குழந்தை அலறுவதில்லை; உறங்கிப் போகின்றது. குறட்டையைக் கேட்கும் தாய், நல்ல உறக்கமென்று கதவைச் சாத்திச் செல்கின்றாள். அதுவோ மூச்சு அடங்கும் ஓசை!

அயர்லாந்தின் டப்ளின் நகரில் இம்மருந்தைப் பால்புட்டியில் வைத்திருந்த வீடுகளைப் பற்றி 1999-இல் மருத்துவர்கள் எழுதினர். மழலைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கு, அந்தப் புட்டி நினைவை விட்டு அகலவில்லை. பால்புட்டியை நோக்கிக் கை நீட்டாத குழந்தை உண்டோ?

பிரிட்டனில் போதைப் பழக்கமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் இரண்டரை முதல் மூன்றரை இலட்சம் பேர் என 2003-இல் அரசின் ஆலோசனைக் குழு கணித்தது. மருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டிகள் தரப்படுகின்றன. காலத்தோடு மருத்துவமனை சேர்ந்தால் நலாக்சோன் என்னும் மாற்று மருந்து மூச்சை மீட்கும். ஆனால், அதிகாரிகள் பிள்ளையைப் பிரித்துக் கொண்டு போய்விடுவார்களோ என்னும் அச்சம், தொலைபேசியை எடுக்க நீளும் கையைத் தடுத்துவிடுகின்றது.