முதல் துப்பாக்கி

"மாமா, குறிசுடப் பழக மலிவான காற்றுக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கித் தாருங்கள்" என்றான் எம் தமக்கை மகன். தந்தையை இழந்த பிள்ளை. மறுக்க மனம் வரவில்லை.

4.5 மில்லிமீட்டர் விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் மிகாதவற்றிற்கு உரிமம் வேண்டா என்பது 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதி. ஆயினும், போட்டியில் 10 மீட்டர் தொலைவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டரே. விசை முரடான மலிவுக் கருவியில் குறி தவறினால், பிழை கையினதா, கருவியினதா என்று கற்பவன் எங்ஙனம் அறிவான்?

"நம் உறையூரில் தறி பழகுபவன் ஆசான் தறியில்தானே முதலில் அமர்கிறான்? நீயும் பயிற்சிக்கூடக் கருவியில் பழகு, கட்டணம் எம் பொறுப்பு" என்றோம். முகம் வாடிச் சென்றான்.

ஆறு திங்கள் கழித்து வந்து, "பிழை என் கையில்தான் இருந்தது, மாமா" என்றான். இனி அவனுக்குக் கருவி வாங்கலாம், நல்லதாகவே வாங்குவோம்.