ஃப்ளெக்ஸில் சிரிக்கும் நான்!

ப்ளஸ் டூ-வில் நான் ஸ்கூல் செகண்ட். மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. ஆனா, ஸ்கூல்காரங்க விடுவாங்களா? பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய ஃப்ளெக்ஸ். அதில் கோட் சூட் போட்டு (போட்டோஷாப் உபயம்!) சிரித்தபடி நான். அம்மா தினமும் அந்த வழியாத்தான் காய்கறி வாங்கப் போனாங்க... மார்க்கெட் இருப்பது எதிர்த்திசையில்!

அதே நான், இப்ப இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். கையில் மூணு அரியர். மேத்ஸில் ரெண்டாவது தடவையா அவுட். போன மாசம் ரிசல்ட் பார்த்துட்டு, வீட்டில் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஊருக்குப் பஸ் ஏறினேன். போய் இறங்கினா, மாட்டுக்கொட்டகை மேல் நான்! மழைக்கு ஒழுகுதுன்னு அந்தப் பழைய ஃப்ளெக்ஸைக் கூரையில் போர்த்தியிருந்தாங்க. என் நெத்தி மேல ஒரு சேவல் நின்னுட்டு இருந்துச்சு.

தாத்தா ரிட்டயர்டு ஹவில்தார். எங்க வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரங்க இல்லாத ஊரைத் தேடணும். அவர்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொன்னேன். திட்டலை. மறுநாள் டவுனுக்கு மருந்து வாங்கப் போனப்ப, மணிக்கூண்டு முன்னாடி நிறுத்தினார். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போனவங்க 277 பேர், உயிரை விட்டவங்க 14 பேர்னு கல்வெட்டு. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், படிச்சதில்லை.

"பேரே இல்லையே தாத்தா?"

"அப்ப எண்ணிக்கையோட சரி. டெல்லியில 2019-ல திறந்தாங்களே போர் நினைவிடம், அங்க 25 ஆயிரம் பேருக்கு மேல... ஒவ்வொருத்தன் பேரும் கல்லுல இருக்கு. சியாச்சின்ல என்கூட இருந்தவன் பேரும் இருக்கு."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சிரித்தார். "நான் திரும்பி வந்துட்டேன்ல... என் பேர் ரேஷன் கார்டுல மட்டும்தான். அதுவே போதும்னுதான் உங்க பாட்டி சாமிக்கு விளக்கு போட்டா. நீ போய் உங்கப்பன்கிட்ட நீயே சொல்லு."

அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேன். அப்பா ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள், அரியர் ஃபீஸுக்குப் பணம் டேபிள் மேல இருந்துச்சு.

நவம்பரில் மறுபடி மேத்ஸ் எழுதறேன் மக்களே! பாஸானா யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கப்போறதில்லை. கொட்டகையில் இன்னொரு பக்கமும் ஒழுகுது... அது ஒண்ணுதான் கவலை!