கொம்பு ஒரு பத்திரிகையில், கால் இன்னொன்றில்

போன கிழமை தென் லண்டன் குரொய்டனில் எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசை முழுக்கக் கடதாசி. மகளுக்கு ஓவியப் பாடத்தில் பங்க் கலை, எழுபதுகளின் கலகக்கார இசையோடு வந்தது. தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகளைப் பரப்பிவைத்து, ‘சொந்த ஊர்’ என்று ஒட்டுவதற்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ‘சொ’ ஒண்டுமே பெரிசா இல்லை.”

ஆங்கிலத்தில் ஓர் எழுத்தென்றால் ஒரு துண்டு. எங்கள் ‘சொ’வுக்கு மூன்று துண்டு வேண்டும். நகைக்கடை விளம்பரத்தில் ‘ச’ கிடைத்தது. கொம்பை மரண அறிவித்தல் ஒன்றிலிருந்து எடுத்தோம். காலுக்கு, ஊருக்குக் காசு அனுப்பும் கடையின் விளம்பரம். மூன்றும் மூன்று உயரம், மூன்று நிறம்.

இப்படி வெட்டி ஒட்டும் வழியைப் பங்க் கலையின் முகமாக்கிய ஜேமி ரீட் 1947இல் பிறந்தது இதே குரொய்டனில். இத்தனை வருடம் இங்கே குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. இந்த ஊரின் ஓவியக் கல்லூரியில் பின்னாளில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை நடத்திய மால்கம் மக்லாரனோடு படித்தார். 1968இல் மாணவர்கள் கல்லூரியைப் பிடித்து உள்ளே உட்கார்ந்தபோது இருவரும் கூட நின்றார்கள். 1970இல் ‘சபர்பன் பிரஸ்’ என்ற சிறிய அச்சகத்தைத் தொடங்கியவர்களில் ரீட்டும் ஒருவர். தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துத் தாள் வாங்கக் காசில்லை. பழைய பத்திரிகையில் வெட்டினார்கள். ஏழு வருடம் கழித்து, அரசியின் வெள்ளிவிழா ஆண்டில், செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைத்தட்டின் உறையில் அரசியின் கண்களையும் வாயையும் மறைத்து நின்றவை அதே வெட்டெழுத்துகள்தான்.

கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது எனக்குப் புதினமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. நீலக் கோடுகளுக்கு மேல் செய்தி ஓடும். அப்பா விளக்கடியில் வைத்து வரிவரியாக வாசிப்பார். கைக்கு எட்டியதில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடும் அந்தப் பிடிவாதத்தை நாங்கள் யாரும் கலை என்று சொன்னதில்லை. இன்று சொல்லுவேன்.

1995இல் லண்டன் வந்த புதிதில் காதில் சேஃப்டிப் பின் குத்திய ஒரு பெடியனை பஸ்ஸில் கண்டு, இறங்கி அடுத்த பஸ்ஸில் போனேன். எங்கள் ஆட்களை அடிக்கிறவர்கள் யார், மற்றவர்கள் யார் என்று பிரித்தறிய அப்போது தெரியாது. பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அதிர்ச்சி கொடுக்கவென்று நாஸிச் சின்னத்தைச் சட்டையில் போட்டவர்கள் பங்க் கூட்டத்தில் இருந்தார்கள். உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் மக்லாரனும் கிங்ஸ் ரோட் கடையில் அதை அச்சடித்து விற்றார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் 1978 ஏப்ரல் 30 அன்று இனவாதத்துக்கு எதிராக விக்டோரியா பார்க்கில் ஆயிரமாயிரம் பேர் கூடியபோது மேடையில் பாடியவர்களில் பங்க் பாடகி பொலி ஸ்டைரீனும் ஒருவர். சோமாலியத் தகப்பனின் மகள். பளீரென்ற நிறங்களில் தன் உடுப்பைத் தானே ஒப்பேற்றிக்கொண்டவர்.

2025இல் ஹேவர்ட் காட்சிக்கூடத்துக்கு பங்க் காலத்துக் கலைஞர் லிண்டரின் படங்களைப் பார்க்கத் தனியாகப் போனேன். மான்செஸ்டரில் படித்தவர். பெண்கள் பத்திரிகையையும் ஆண்கள் பத்திரிகையையும் சத்திரசிகிச்சைக் கத்தியால் வெட்டி ஒன்றாக ஒட்டுவார். 1977இல் பஸ்கொக்ஸ் குழுவின் இசைத்தட்டு உறைக்கு அவர் கொடுத்த படத்தில் ஒரு பெண்ணின் உடம்பு. தலை இருக்கவேண்டிய இடத்தில் அயன்பொக்ஸ். இந்த நாட்டில் என் முதல் வேலை ஒரு லோண்டரியில் அயன் பண்ணுவது. இரண்டு வருடம், நாளுக்குப் பத்து மணித்தியாலம். மாலையில் கண்ணை மூடினாலும் ஆவிதான் தெரியும். அந்தப் படத்தைப் பற்றி யாரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்து ஊரின் பெயர் ‘மிச்சம்’. 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே அகதியாக வந்து சேர்ந்த மாயா அருள்பிரகாசம் பிறகு எம்.ஐ.ஏ. என்ற பாடகி ஆனார். பாட்டுக்கு முன் அவர் ஓவியர்: செயின்ட் மார்ட்டின்ஸில் படித்து, 2000இல் எலாஸ்டிகா குழுவின் இசைத்தட்டுக்கு உறை செய்தவர். ஸ்டென்சில் தகடு வெட்டி, ஸ்ப்ரே அடித்து, புலியையும் பனையையும் மின்னும் இளஞ்சிவப்பில் கொண்டுவந்தார். அவருடைய அரசியலோடு எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடில்லை. ஆனால் எங்கள் பனை இந்த ஊர்ச் சுவரில் ஏற அந்தக் கை வேண்டியிருந்தது.

மகள் ‘ஊர்’ வரை ஒட்டிவிட்டாள். ‘ர்’ மேல் புள்ளிக்குத் துண்டு அகப்படவில்லை. வெட்டிய ஒன்றும் பறந்துபோயிற்று. என் தாலிக்கொடியில் கிடந்த சேஃப்டிப் பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். அம்மா பழக்கிவிட்ட பழக்கம். எந்த அவசரத்துக்கும் ஒன்று கொடியில் கிடக்கும். அவள் அதைக் கடதாசியில் குத்திப் பூட்டினாள். பின்னின் உருண்டைத் தலை ‘ர’வுக்கு மேலே வந்து நின்றது.