மூன்று புள்ளிக்குள் போன ‘இல்லை’

“தம்பி, கூலி ஏறிருச்சுன்னு போன்ல போட்ருக்கு. பேங்க்ல போய்க் கேட்டா வரலேங்கிறாங்க. நான் எதை நம்புறது?”

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி இருக்கும் பெரியம்மா கேட்டார். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலுக்கு வந்தால் தமிழும் பேசும் நெசவாளர் தெரு எங்களுடையது. அறுபதைத் தாண்டிய அவர் சித்திரை வெயிலில் பேங்க்குக்கு நடந்துபோய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அவர் போனில் இருந்த செயலி நான் எழுதியது. நெய்து கொடுத்த சேலைகளின் எண்ணிக்கை, அதற்கான கூலி, கூலி பேங்க்கில் வரவானதா என்ற விவரம், அவ்வளவுதான் அதில்.

போனை வாங்கிப் பார்த்தேன். வலப்பக்கம் தொகை தெளிவாக இருந்தது. இடப்பக்கம் ‘கூலி வரவு வைக்கப்ப…’ என்று இருந்தது. நான் எழுதிய முழு வாக்கியம் ‘கூலி வரவு வைக்கப்படவில்லை’. இடம் போதாததால் கடைசி எழுத்துகள் மறைந்து மூன்று புள்ளிகள் வந்திருந்தன. ‘இல்லை’ அந்தப் புள்ளிகளுக்குள் போய்விட்டது. மேலே போன மாதக் கூலியின் வரி. அது உண்மையிலேயே ‘வரவு வைக்கப்பட்டது’. அதுவும் ‘கூலி வரவு வைக்கப்ப…’ என்றே நின்றது. வந்த பணமும் வராத பணமும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தன.

அந்தத் திரையை நான் முதலில் ஆங்கிலத்தில் வரைந்திருந்தேன். ஆங்கிலத்தில் அது ‘நாட் கிரெடிட்டட்’. மறுப்பு முதல் சொல்லிலேயே வந்துவிடும், வால் வெட்டுப்பட்டாலும் சேதி பிழைத்துக்கொள்ளும். தமிழ் வினைச்சொல்லில் வேர் முன்னே வரும், காலமும் இடமும் மறுப்பும் பின்னால் ஒட்டும். நடந்ததா இல்லையா என்பது கடைசி இரண்டு மூன்று எழுத்துகளில்தான் முடிவாகும். இடம் போதாவிட்டால் கடைசியை வெட்டு என்ற வழக்கம் தமிழுக்கு வரும்போது வெட்டுவது பொருளையே. பத்தாண்டுக்கும் மேலாகத் திரை அமைக்கும் வேலை செய்தும், இது எனக்குப் பெரியம்மாவின் போனில்தான் உறைத்தது.

தொழிலின் உள்விவரத்தைச் சொன்னால்தான் நான் எங்கே தவறினேன் என்பது புரியும்.

ஒரு திரையில் பட்டன், படம், எழுத்துப் பட்டை, தொகை என்று பல பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி எண். இடமிருந்து 20, மேலிருந்து 100, அகலம் 280, உயரம் 44. 2007-இல் வந்த முதல் ஐபோனிலிருந்து 2012 வரை ஐபோன் திரை எங்களைப் பொறுத்தவரை 320-க்கு 480 புள்ளிகள்தான், எண்ணைப் போட்டே எல்லோரும் வேலையை முடித்தோம். 2012-இல் ஐபோன் 5 வந்தபோது உயரம் 568 ஆனது. எண்களால் கட்டிய திரைகளின் அடியில் 88 புள்ளிகள் சும்மா கிடந்தன. ஆண்ட்ராய்டில் இந்தச் சிக்கல் முதலிலிருந்தே உண்டு, அங்கே எத்தனை நிறுவனமோ அத்தனை திரை.

இரண்டாம் வழி உறவு. ‘இந்தப் பட்டனின் மேல்விளிம்பு அந்த எழுத்தின் கீழ்விளிம்புக்கு 12 புள்ளி கீழே’, ‘இந்தப் படத்தின் அகலம் திரையின் அகலத்தில் பாதி’ என்று சொல்வது. தொழிலில் இதைக் கன்ஸ்ட்ரெயின்ட் என்போம், நான் மனதுக்குள் ‘கட்டு’ என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டும் எளிய சமன்பாடு: ஒன்றின் விளிம்பு, இன்னொன்றின் விளிம்பை ஓர் எண்ணால் பெருக்கி இன்னோர் எண்ணைக் கூட்டியதற்குச் சமம். சில இடங்களில் ‘சமம்’ என்பதற்குப் பதில் ‘குறையாமல்’ அல்லது ‘மிகாமல்’. இப்படி நாற்பது ஐம்பது சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தால், எந்தத் திரையில் திறந்தாலும் கருவி அவற்றைத் தீர்த்து இடங்களைக் கண்டுபிடிக்கும்.

இந்த எண்ணம் பழையது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் தம் ஆய்வுக்காக எழுதிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலிலேயே, இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கணினி அவற்றை இணையாக்கிக் காட்டியது. 1979-இல் ஆலன் போர்னிங் ‘திங்லேப்’ என்ற நிரலில் அதை வளர்த்தார். பின்னர் அவரும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தச் சமன்பாடுகளை விரைவாகத் தீர்க்கும் ‘காசோவரி’ முறையை 1997-இல் வெளியிட்டார்கள். அதன் அடியில் இருப்பது 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் கணக்கு. ஒரே ஒரு எண் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடாமல், பழைய விடையைச் சற்றே திருத்திப் புது விடையை அடைவது காசோவரியின் கெட்டிக்காரத்தனம். விரலால் ஒன்றை இழுக்கும்போது மற்றவை உடனே நகர்வது அதனால்தான். ஆப்பிள் 2011-இல் மேக் கணினிக்கும் 2012-இல் ஐபோனுக்கும் இதைக் கொண்டுவந்தது. கூகுள் 2016-இல் ஆண்ட்ராய்டுக்கு ‘கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்’ கொடுத்தது.

போர்னிங்கும் அவருடன் உழைத்தவர்களும் செய்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது வேகத்தை அல்ல, கட்டுகளுக்குப் படிநிலை வைத்ததை. சில கட்டுகள் கட்டாயம், சில விருப்பம். எல்லாவற்றையும் நிறைவேற்ற இடமில்லாதபோது விருப்பங்கள் வரிசைப்படி விட்டுக்கொடுக்கும். ஆப்பிளில் இதற்கு 1 முதல் 1000 வரை எண் உண்டு. 1000 என்றால் மீறக்கூடாது. எழுத்துப் பட்டைக்கு ‘என்னை நசுக்காதே’ என்ற பிடிவாதம் வழக்கமாக 750, ‘என்னை வீணாக நீட்டாதே’ என்ற பிடிவாதம் 250 அளவில் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள், இரண்டுக்கும் 750 என்று விட்டுவிட்டால், யார் நசுங்குவது என்று கருவிக்குத் தெரியாது, ஏதோ ஒன்றை நசுக்கும். ஆண்ட்ராய்டில் இது இன்னும் அப்பட்டம். உள்ளே இருப்பதற்கேற்ற அகலம் வேண்டும் என்று எழுதியவருக்கு முதலில் இடம் கிடைக்கும், அகலம் பூஜ்ஜியம் என்று எழுதியவருக்கு மிச்சம் கிடைக்கும். அங்கே பூஜ்ஜியம் என்பதற்குப் பொருள், இவர் விட்டுக்கொடுப்பவர்.

இப்போது பெரியம்மாவின் வரிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு போன்களில் பரவலான அகலம் 360 அலகு. இரு ஓரத்திலும் 16 விட்டேன், மிச்சம் 328. தொகைக்கு உள்ளதற்கேற்ற அகலம் கொடுத்தேன், ஏறத்தாழ 80. இடையில் 16. வாக்கியத்துக்கு எழுதியது பூஜ்ஜியம், ஆகவே மிஞ்சிய 232 அதற்கு. அத்தோடு ‘ஒரே வரி, மீறினால் கடைசியில் புள்ளி’ என்றும் எழுதினேன். வரிசைகள் ஒரே உயரத்தில் அடுக்கினாற்போல் நின்றன. என் போனில் வாக்கியம் முழுதாகத் தெரிந்தது. பெரியம்மா கண்ணுக்கு எட்டவில்லை என்று போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருந்தார். ஒன்றரை மடங்கில் தொகை 120 ஆனது, வாக்கியத்துக்கு மிஞ்சியது 192. அதே நேரம் வாக்கியத்துக்குத் தேவைப்பட்ட இடமும் ஒன்றரை மடங்கு. கருவி என் சொல்லை அப்படியே கேட்டது. தொகையைக் காப்பாற்றியது, வரிசையின் அழகைக் காப்பாற்றியது, ‘இல்லை’யைக் கைவிட்டது. யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அந்தப் பூஜ்ஜியத்தை எழுதியபோதே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

அப்பா தறியில் உட்கார்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஊடை இழை ஓடஓடத் துணியை உள்பக்கம் இழுக்கும், அகலம் குறையும். அதனால் இரு முனையிலும் ஊசிப்பல் வைத்த ஒரு குச்சியை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு விறைப்பாகக் குத்தி வைப்பார்கள். நெய்த துணி வளரவளர அதைப் பிடுங்கி முன்னே தள்ளிக் குத்த வேண்டும். குச்சிக்குத் தறிச் சட்டத்தோடு சம்பந்தமில்லை, துணியின் இரண்டு கரைகளுக்கும் நடுவில் இருக்கும் கட்டு அது. சேலையின் அகலம் மாறக்கூடாது, நீளம் வளரலாம். எது அசையக்கூடாது, எது அசையலாம் என்று அப்பாவின் கைக்குத் தெரிந்திருந்தது. நான் வரிசையின் உயரத்தை அசையக்கூடாததாக ஆக்கினேன். அசையக்கூடாதது வாக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பார்த்துத்தான் இன்னொன்றும் புரிந்தது. ஓர் இழை தளர்ந்தால் நாடாவில் சிக்கும், மிஞ்சி இறுகினால் அறும். கட்டுகளும் அப்படியே. ஆண்ட்ராய்டில் ஒரு பொருளை வரைபலகையில் இழுத்து வைத்துவிட்டு எதோடும் கட்டாமல் விட்டால், போனில் திறக்கும்போது அது மேல் மூலைக்கு ஓடிப்போய் நிற்கும். ஐபோனிலோ, நிறைவேற்ற முடியாத இரண்டு கட்டாயங்களைக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, கருவி தானாகவே ஒன்றை அறுத்துக்கொண்டு மேலே போகும். திரை பெரும்பாலும் நன்றாகவே தெரியும். அந்தப் பதிவைப் படிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அப்படி ஒரு வரி வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

தமிழுக்காக இன்னும் சில கற்றுக்கொண்டேன். எழுத்துகளை எண்ணி அகலத்தைக் கணக்கிடக் கூடாது. ‘கோ’ என்பது கணினிக்குள் இரண்டு குறியீடு, திரையில் மூன்று வடிவம். எழுத்துப் பட்டையே தன்னை அளந்து சொல்லட்டும், அந்த அளவோடு மற்றவை கட்டுப்படட்டும். நம் சொற்கள் நீளம், இடைவெளி வரும் இடத்தில்தான் வரி மடியும். ‘மறந்துவிட்டீர்களா’ ஒரே சொல், குறுகலான பட்டனுக்குள் அது மடங்க இடமே இல்லை. ஆகவே தமிழ்ப் பட்டன்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைப்பதைவிட ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகிறேன். ‘தேதி’, ‘சேலை எண்ணிக்கை’, ‘கூலி’ என்று தலைப்புகள் வரும் இடத்தில், அவற்றுள் நீளமானது எங்கே முடிகிறதோ அங்கே நகர்ந்து நிற்கும் தடுப்பு ஒன்றை வைத்து, மதிப்புகளை அதோடு கட்டுகிறேன். ஆண்ட்ராய்டில் அதற்குப் பெயரே ‘பேரியர்’.

உயரத்தில் இன்னொரு பள்ளம். ஆண்ட்ராய்டில் எழுத்தின் அளவு பயனர் விருப்பத்தோடு வளரும் அலகில் இருக்கும், பெட்டியின் உயரம் வளராத அலகில் இருக்கும். ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை இரு மடங்குவரை பெரிதாக்கலாம். பெட்டி வளராவிட்டால் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படும். தமிழில் தலையில் புள்ளி இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ஆகவே நான் உயரத்துக்கு எண் போடுவதே இல்லை, ‘குறையாமல்’ என்றுதான் போடுகிறேன். விரல் படும் இடம் 48 அலகுக்குக் குறையக் கூடாது என்பது கூகுளின் பரிந்துரை. குறையாமல் 48, தேவைப்பட்டால் எவ்வளவும்.

கூலி வரிசையை மறுபடி கட்டினேன். ‘ஒரே வரி’யை எடுத்தேன், உயரத்தை அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் இடமில்லையென்றால் தொகை வாக்கியத்துக்குக் கீழே இறங்கும்படி செய்தேன். வாக்கியத்தையும் மாற்றினேன்: ‘நிலுவை’ என்ற சொல்லை முதலில் வைத்தேன். எங்கள் தெருவில் எந்த நெசவாளருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அதன் கீழே ‘கூலி இன்னும் வரவு வைக்கப்படவில்லை’ என்று முழுசாக இருந்தது. சொல்லை மாற்றினால் மட்டும் போதுமே என்று ஒரு நண்பர் கேட்டார். நாளைக்கு வேறொரு வாக்கியம் வரும், வேறொரு கண் பார்க்கும். சொல் எதுவானாலும் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதைத் திரையே காக்க வேண்டும், அதற்குத்தான் கட்டு.

இப்போது புதுத் திரை எதை எழுதினாலும் முதலில் தாளில் ஒரு பட்டியல் போடுகிறேன்: இடம் குறைந்தால் முதலில் யார் சுருங்குவது, அடுத்து யார் கீழே இறங்குவது, கடைசிவரை யார் அசையவே கூடாது. ஓரத்து வெற்றிடம் முதலில் சுருங்கலாம், அடுத்து படம், பிறகு வரிசையின் ஒழுங்கு. படிப்பவரின் சொல் கடைசிவரை நிற்க வேண்டும். பட்டியல் முடிந்த பிறகே கட்டுகளை எழுதுகிறேன். எழுதி முடித்ததும், நீளமான தமிழ் வாக்கியத்தை, போனில் உள்ள மிகப் பெரிய எழுத்தில், கையில் உள்ள மிகச் சிறிய போனில் திறந்து பார்க்கிறேன்.

திருத்திய செயலியைப் பெரியம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்த அன்று, வரிசை பழைய உயரத்தைப் போல மூன்று மடங்கு வளர்ந்திருந்தது. பார்வைக்கு முன்பு இருந்த நேர்த்தி இல்லை. அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். ‘வைக்கப்படவில்லை’ என்ற கடைசிச் சொல்லை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இன்னைக்கு பேங்குக்குப் போக வேணாம்” என்று செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.